ஐந்தரை மணி வெள்ளரிக்காய்

எங்கள் வீட்டில் ஒரு எலி இருக்கிறது என்று நான் சொன்னால் என் மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எலி இல்லம்மா, ஹாம்ஸ்டர்" என்பாள். வால் இல்லாத எலி என்று நான் திருத்துவேன். "வால் இருக்கு, குட்டியா இருக்கு" என்பாள். வால் இருந்தால் எலியேதான் என்று முடித்துவிடுவேன். பத்து வயதுப் பெண்ணோடு மல்லுக்கு நிற்பதில் எனக்கு வெட்கமே கிடையாது. வீட்டில் இருப்பது மூன்று பேர். அதில் ஒருத்தர் வாயே திறக்கமாட்டார். பிறகு நான் யாரோடுதான் சண்டை போடுவது?

வாய் திறக்காதவர் என் வீட்டுக்காரர். சோபாவுக்கு மரச்சட்டம் அடிப்பதும், முடிந்த சோபாவை எங்கள் பழைய வேனில் ஏற்றிப் போய் இறக்குவதும் அவர் வேலை. நடுவில் இருப்பதெல்லாம் என் வேலை. நாடா இழுத்துக் கட்டி, ஸ்பிரிங் வைத்து, ஃபோம் ஒட்டி, பஞ்சு அடைத்து, மேலே துணி தைப்பேன். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அதற்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கதவு. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. "இதை அடைச்சுக் குடுங்க" என்று அவரிடம் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் மரவேலை செய்பவருக்குத் தன் வீட்டுக் கதவு மட்டும் கண்ணில் படாது.

என் வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய். சோபாவின் அடிப்பக்கத்தில் கடைசியாக ஒரு கறுப்புத் துணி போட்டு மூடுவோம். யாரும் குனிந்து பார்க்காத இடம் என்பதால் மற்றவர்கள் கைக்கு வந்தபடி ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் இரண்டு விரலுக்கு ஒரு பின் அடிப்பேன். என் சோபாவுக்குள் ஓர் எறும்பு போனால்கூட வெளியே வர என்னிடம்தான் வழி கேட்க வேண்டும்.

அந்த ஹாம்ஸ்டர் வந்து நான்கு மாதம் ஆகிறது. மகள் ஒரு வருடம் நச்சரித்தாள். நான் முடியவே முடியாது என்றேன். அப்பாவும் பெண்ணும் ஒரு நாள் காய்கறி வாங்கப் போய்க் கூண்டோடு வந்து நின்றார்கள். தேன் நிறம், வெள்ளை வயிறு, கையளவு உடம்பு. பிஸ்தா என்று பெயர் வைத்தாள். "என் தரையில ஒரு புழுக்கை விழுந்துச்சு, அன்னிக்கே தூக்கி வெளிய விட்டுடுவேன்" என்று அன்றைக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு தினமும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். சும்மா சொல்வதுதான். என் வாய்க்குத் தினமும் ஏதாவது வேலை வேண்டும்.

இனி சொல்லப்போவது வெட்கக்கேடு. நான் ஐந்தரை மணிக்கு எழுந்துவிடுவேன். மற்ற இருவரும் இடி விழுந்தாலும் எழமாட்டார்கள். அந்த நேரத்தில் வீட்டில் விழித்திருக்கும் இன்னொரு ஜீவன் அதுதான். முதல் நாள் அதன் சக்கரம் போட்ட சத்தத்துக்குத் திட்டத்தான் போனேன். ஓடுவதை நிறுத்திவிட்டு, இரண்டு காலில் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் திட்டி முடிக்கும்வரை காதை நிமிர்த்திக் கேட்டது. இந்த வீட்டில் நான் பேசுவதை முழுதாகக் கேட்ட ஆள் அதுவரை யாருமில்லை. மனசு இளகிவிட்டது. ஒரு துண்டு வெள்ளரிக்காய் வெட்டிக் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். அப்புறம் தினமும் கூண்டைத் திறந்து உள்ளங்கையில் ஏற்றி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஏழு மணிக்கு மகள் எழுந்தால் பழையபடி "ஏய் எலி" என்று ஆரம்பித்துவிடுவேன். நான்கு மாதமாக எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது.

அன்றைக்குப் பள்ளி விடுமுறை. வழக்கம்போல் கூண்டுக் கதவைத் திறந்து வெள்ளரிக்காயை உள்ளே வைத்த நேரத்தில் பட்டறையில் என் போன் அடித்தது. வீட்டுக்காரர் விழித்து வந்தால் என் மானம் போய்விடும் என்று ஓடிப்போய் எடுத்தேன். பல் டாக்டர். புதிதாக கிளினிக் திறக்கிறார். காத்திருக்கும் அறைக்கு மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று கேட்டிருந்தார். மாலையில் தருவதாகப் பேச்சு.

"மன்னிச்சுக்கங்க மேடம், இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டுட்டேன். தூக்கமே வரல. முதல் பேஷன்ட் ஒன்பது மணிக்கே வர்றாரு. சோபாவ எட்டரைக்குள்ள குடுக்க முடியுமா?"

அடித்துணி போடுவது மட்டும்தான் பாக்கி. முடியும் என்றேன். சோபா முதுகில் சாய்ந்து, வயிற்றைத் திறந்துகொண்டு தரையில் கிடந்தது. மேசையில் கறுப்புத் துணியை விரித்து அளந்து வெட்டினேன். ஓரம் மடித்தேன். சோபாவுக்கு வந்து இரண்டு விரலுக்கு ஒரு பின்னாக அடித்து முடித்தேன். எட்டு மணிக்கு நானும் அவரும் அதைத் தூக்கி வேனில் வைத்தோம். அவர் கிளம்பிப் போனார். கூண்டுக் கதவை நான் மூடவில்லை என்பது எனக்கு நினைவிலேயே இல்லை.

"அம்மா! பிஸ்தா இல்ல!"

கூடத்துக்கு ஓடினேன். கூண்டுக் கதவு ஆவென்று திறந்திருந்தது. உள்ளே பாதி கடித்த வெள்ளரிக்காய்த் துண்டு. மகள் அதை இரண்டு விரலால் எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இத யாரு வெச்சது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

"நான் வைக்கல. அப்பாவுக்கு வீட்டுல வெள்ளரிக்காய் எங்க இருக்குன்னே தெரியாது. அப்ப யாரு வெச்சிருப்பா?"

நான் போய்த் துடைப்பத்தை எடுத்தேன். அதுவே அவளுக்குச் சாட்சியாகிவிட்டது.

"நீதான். வெள்ளரிக்காயக் காட்டி வெளிய வரவெச்சு, தூக்கி வெளிய விட்டுட்ட. தினமும் சொல்லுவியே. இன்னிக்கு செஞ்சுட்ட."

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. வக்கீல் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் தினமும் அதைக் கையில் ஏற்றிக் கொஞ்சுகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நான்கு மாதமாகக் கட்டிக்காத்த வீராப்பு விடவில்லை. பெற்ற பெண் என்னை அப்படிப்பட்டவள் என்று நினைக்கிறாள். அதை மாற்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நிற்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு போட வேண்டும் போலிருக்கிறது.

"சும்மா உளறாத. எங்கயாவது மூலையில இருக்கும். தேடலாம் வா" என்றேன்.

தேடும் விஷயத்தில் என் மகள் கெட்டிக்காரி. பள்ளி நூலகத்தில் ஹாம்ஸ்டர் பற்றிய புத்தகத்தை ஐந்து தடவை எடுத்து வந்து படித்தவள். வீட்டுக்காரர் சோபாவை இறக்கிவிட்டுத் திரும்பி வந்ததும், அவர் மூலமாக எனக்கு உத்தரவுகள் வந்தன. நேராக என்னிடம் பேசுவதில்லை என்று முடிவாகியிருந்தது.

"அப்பா, அம்மாகிட்ட சொல்லு. எல்லா ரூம் கதவையும் சாத்தி, அடியில துணி வெச்சு அடைக்கணும். வாஷிங் மெஷின் போடக்கூடாது. நாற்காலிய இழுக்கக்கூடாது. கீழ பாத்து நடக்கணும். ஸ்டேப்ளர் மிஷின தொடவே கூடாது."

"கேட்டுச்சா?" என்றார் அவர் என்னிடம். நான் ஓர் அடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் அறைக்குப் பத்தாகச் சூரியகாந்தி விதைகளைச் சுவரோரமாக வைத்தாள். எந்த அறையில் விதை குறைகிறதோ அந்த அறையில்தான் ஆள் இருக்கிறார் என்று அர்த்தமாம். விதையைச் சுற்றி மெல்லிசாக மாவு தூவினாள். வந்து போனால் கால்தடம் விழும். கூடத்து மூலையில் ஒரு வாளி வைத்து, அதற்குள் துண்டை மெத்தென்று போட்டு, அதன் மேல் ஆப்பிள் துண்டு. வாளிக்கு ஏறிப் போகப் புத்தகங்களைப் படிபோல் அடுக்கினாள். ஏறினால் உள்ளே மெதுவாக விழும், வெளியே வரமுடியாது. மற்ற நாளாக இருந்தால் என் மாவில் கை வைத்ததற்கு வீடு இரண்டாகியிருக்கும். அன்று நானே சல்லடை எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

கடைசியாக ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். காணவில்லை. பெயர் பிஸ்தா. நிறம் தேன். குணம் நல்ல குணம். சந்தேகம்: அம்மா. என் பெயருக்குக் கீழே இரண்டு கோடு. அவர் அதை நின்று நிதானமாகப் படித்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.

"ரொம்ப முக்கியம்" என்றேன்.

தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துத் தேடினோம். ஃபிரிட்ஜுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், செருப்புக்குள், சாக்குக்குள், இழுப்பறையை வெளியே எடுத்து அதற்குப் பின்னால் என்று ஓர் இடம் பாக்கியில்லை. போன வருடம் காணாமல் போய், எதிர்வீட்டுக்காரி மேல் நான் சந்தேகப்பட்ட கரண்டி கிடைத்தது. ஒற்றைக் கம்மல் கிடைத்தது. மகள் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, பீரோவுக்கு அடியில் வாயை வைத்து நானும் ரகசியமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். தூசிதான் மூக்கில் ஏறியது.

மாலை நான்கு மணிக்கு எண்ணிக்கை நடந்தது.

"கூடம் பத்து. சமையல் ரூம் பத்து. படுக்கற ரூம் பத்து. பட்டறை பத்து." மாவில் ஒரு கீறல்கூட இல்லை. வாளியில் ஆப்பிள் கறுத்துப்போயிருந்தது. "வீட்டுலயே இல்லப்பா" என்றாள்.

கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, காலையிலிருந்து முதல் தடவையாக, நேராக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க விட்டன்னு மட்டும் சொல்லும்மா. நான் கோவப்படமாட்டேன். நானே போய்க் கூட்டிட்டு வந்துக்கறேன்."

"சத்தியமா நான் வெளிய விடலடி" என்றேன்.

"அப்ப வெள்ளரிக்காய்?"

நான் குனிந்து வாளியிலிருந்த கறுத்த ஆப்பிளை எடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பட்டறைக்குள் போய், துணிச் சுருள்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மூக்கை உறிஞ்சினேன். அப்போதுதான் பல் டாக்டர் கூப்பிட்டார்.

"மேடம், சோபால ஏதோ சத்தம் வருது."

அழுதுகொண்டிருந்தவளுக்கு அடுத்த நொடியே சுறுசுறுப்பு வந்துவிட்டது. யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் என்று காத்திருந்த நேரத்தில், என் வேலையில் குறை என்று ஒருவர் தானாக வந்து சிக்கினால் எப்படி இருக்கும்!

"என்ன சத்தம்?"

"கரக் கரக்குனு. ஸ்பிரிங் ஏதாவது லூசா இருக்குமோ?"

"சார், நான் பதினெட்டு வருஷமா சோபா தைக்கிறேன். இதுவரைக்கும் என் சோபா ஒண்ணுகூட வாயத் தொறந்ததில்ல. உங்க பல்லு குடையற மிஷின் சத்தமா இருக்கும். போய் நல்லா கேளுங்க."

"மிஷின நிறுத்திட்டுதான் கேட்டேன் மேடம். யாரும் உக்காராதப்பவும் வருது. ஏதோ கடிக்கிற மாதிரி..."

"கடிக்கிற மாதிரியா? சோபா கடிக்குமா சார்? உங்களுக்கு நாள் முழுக்க பல்லு ஞாபகம். நாடா எப்படிக் கட்டியிருக்கேன் தெரியுமா, அடித்துணி எப்படி அடிச்சிருக்கேன் தெரியுமா, உள்ள ஒரு எறும்பு போனாக்கூட..."

அங்கே நின்றுவிட்டேன். காலையில் சோபா கிடந்த வெற்றுத் தரையைப் பார்த்தேன். கூடத்துக் கதவைப் பார்த்தேன். அதன் அடியில் இருந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்த்தேன்.

"சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தம் அடிப்பக்கத்துலேர்ந்து வருதா?"

"ஆமா."

"விட்டு விட்டு வருதா?"

"ஆமா மேடம், அதத்தான்..."

"சார், நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்! யாரையும் அதுல உக்கார விடாதீங்க. இதோ வர்றேன்."

"ஏற்கனவே ஒருத்தர் உக்காந்திருக்காரே" என்றார் அவர். நான் அதற்குள் கூடத்துக்கு ஓடிவிட்டேன்.

வேனில் முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். மகள் மடியில் காலிக் கூண்டு. வீட்டுக்காரர் ஒரு நாளும் இல்லாத வேகத்தில் ஓட்டினார். நடந்ததைச் சொன்னேன். பாதியைத்தான் சொன்னேன். சோபா திறந்து கிடந்தபோது அது உள்ளே போய்ப் படுத்திருக்கிறது, தெரியாமல் நான் மேலே துணியை அடித்துவிட்டேன் என்ற பாதி.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியாமயா?"

"பின்ன? தெரிஞ்சு யாராவது எலிய உள்ள வெச்சு சோபா தைப்பாங்களா?"

"நீ தைப்ப" என்றாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் வெளியே திரும்பி இருமினார். சிரிப்பை அடக்க அவருக்கு வேறு வழி தெரியாது.

கிளினிக்கில் புது பெயின்ட் வாசனை. காத்திருக்கும் அறையில் நாற்காலிகளில் நாலைந்து பேர். என் சோபாவின் நட்டநடுவில் ஆஜானுபாகுவாக ஒரு மனிதர், வீங்கிய கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். மரத்துப்போக ஊசி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் பாரத்தில் ஸ்பிரிங் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடித்துணிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் மிச்சமிருப்பது நாலு விரல் உயரம்.

"எழுந்திரிங்க!" என்று கத்தினேன். அவர் துள்ளப் பார்த்தார். "ஐயோ, மெதுவா! மெதுவா எழுந்திரிங்க!"

வாய் மரத்திருந்ததால் கேட்க நினைத்ததைக் கேட்க முடியாமல், முட்டைத் தட்டின் மேலிருந்து எழுவதுபோல் அவர் அங்குலம் அங்குலமாக எழுந்தார். சத்தம் கேட்டு டாக்டர் முகமூடியோடு வெளியே வந்தார். சின்ன வயதுக்காரர். காலையிலிருந்து பதற்றத்திலேயே இருந்திருப்பார்.

"என்ன மேடம் ஆச்சு?"

"உள்ள எலி" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். வாயே திறக்காத மனிதர் திறந்த நேரத்தைப் பாருங்கள்.

"எலியா? என் கிளினிக்லயா? இன்னிக்கா?" டாக்டர் முகம் அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைவிட வெளுத்துவிட்டது. நாற்காலியில் இருந்த ஓர் அம்மா காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

"எலி இல்ல சார், ஹாம்ஸ்டர்!" என்றேன். சுருக்கென்று கோபமே வந்துவிட்டது எனக்கு. "எலியாம் எலி. வீட்டுல வளர்க்கற சுத்தமான ஜீவன். உங்களவிட அதிகமா முகம் கழுவும்."

மகள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டார்ச்சைத் தேடுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வேலை அவள் கைக்குப் போனது. வாசல் கதவைச் சாத்தச் சொன்னாள். நோயாளிகளின் கழுத்தில் கட்டும் காகிதத் துணிகளைச் சுருட்டி வரவேற்புப் பெண் கதவிடுக்கில் அடைத்தாள். பாதி விளக்கை அணைத்தார்கள். சோபாவை யாரும் கவிழ்க்கக்கூடாது, உள்ளே அது உருண்டுவிடும் என்றாள். நானும் அவரும் முன்பக்கத்தை ஒரு சாண் உயரம் தூக்கிக் கால்களுக்கு அடியில் டாக்டரின் தடிப் புத்தகங்களை அண்டக்கொடுத்தோம். கூண்டைப் பக்கத்தில் வைத்து அதன் கதவைத் திறந்து வைத்தாள். நான் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்து, ஒரு மூலையில் மட்டும் பின்களைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இரண்டு விரலுக்கு ஒரு பின். நானே அடித்தது. ஒன்றும் லேசில் வருவதாக இல்லை. எந்த மகராசி இப்படி நெருக்கி அடித்தாள் என்று முணுமுணுத்துக்கொண்டே பத்துப் பின் எடுத்தேன்.

துணியின் மூலை தொங்கியது. மகள் பக்கத்தில் வந்து படுத்தாள். சூரியகாந்தி விதையை நீட்டினாள்.

"பிஸ்தா... பிஸ்தாக்குட்டி... வா."

ஒன்றுமில்லை. உள்ளே தொலைவில் ஒரு சின்னச் சரசரப்பு. பிறகு அதுவும் இல்லை. ஐந்து நிமிடம் கூப்பிட்டாள். பத்து நிமிடம் கூப்பிட்டாள். நாள் முழுக்க ஆட்களும் சத்தமுமாக இருந்ததில் அது மிரண்டு ஏதோ ஒரு மூலையில் ஒடுங்கிப்போயிருந்தது.

"முழுசா பிரிச்சுடுங்களேன் மேடம்" என்றார் டாக்டர், குனிந்து.

"பிரிச்சா பயந்து ஸ்பிரிங் நடுவுல ஓடும். கால் மாட்டிக்கிட்டா ஒடிஞ்சிடும்" என்றாள் மகள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. காலையிலிருந்து தேக்கி வைத்திருந்ததெல்லாம் சத்தமில்லாமல் காதுப்பக்கமாக வழிந்தது. மல்லாந்து படுத்து அழும் குழந்தையை நான் அன்றுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அவள் கூப்பிட்டு அது வராது என்று எனக்குப் புரிந்தது. எந்தக் குரலுக்கு வரும் என்பதும் எனக்குத் தெரியும்.

வெளியே நாலைந்து ஜோடிக் கால்கள் சோபாவைச் சுற்றி நின்றன. என் வீட்டுக்காரரின் செருப்பும் அதில் இருந்தது. போகிற மானம் போகட்டும் என்று கையைத் துணிக்குள் விட்டு உள்ளங்கையை விரித்தேன்.

"பஞ்சுமூட்டை..." என்றேன். "என் பஞ்சுமூட்டைக் கண்ணே. எங்கடா போய் ஒளிஞ்சுக்கிட்ட? பயந்துட்டியா? அம்மா வந்திருக்கேன்டா. பாரு, அம்மா வந்துட்டேன். வாடா ராஜா, அம்மா கைக்கு வா."

மகள் அழுவதை நிறுத்திவிட்டாள். அவள் பார்வை என் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. நான் திரும்பவில்லை. "வா, வா, வா, காலைல பாதிலயே விட்டுட்டுப் போயிட்டேன்ல, அம்மா மேல கோவமா?" என்று அதனிடமே பேசிக்கொண்டிருந்தேன்.

சரசரவென்று சத்தம் கிட்டே வந்தது. ஈரமான ஒரு மூக்கு என் விரல் நுனியில் பட்டது. பிறகு நான்கு சின்னக் கால்கள் உள்ளங்கையில் ஏறின. பழகிய இடத்துக்கு வந்ததுபோல் ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது. இன்னொரு கையால் மூடி மெதுவாக வெளியே எடுத்தேன்.

தேன் நிற உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிடந்தது. மகள் அதன் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு காயமும் இல்லை. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு கன்னமும் வீங்கியிருக்கே. சீழ் கோத்திருக்கோ?"

"அது பை சார். சாப்பாட்ட அதுலதான் சேத்து வெச்சுக்கும்" என்றாள் மகள். பிஸ்தா அவளை ஆமோதிப்பதுபோல் கன்னத்திலிருந்து என் உயர்ந்த ரகப் பஞ்சில் ஒரு கொத்தைத் துப்பியது. கன்னம் வீங்கிய அந்தப் பெரிய மனிதர் மரத்த வாயோடு கோணலாகச் சிரித்தார். காலைத் தூக்கி வைத்திருந்த அம்மா இறங்கி வந்து, தானும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர்தான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தார்.

"தினமும் அஞ்சரைக்கு உன் குரல் கேக்கும். போன்ல உன் தங்கச்சிகிட்ட பேசறதா நெனச்சேன். ஆனா உன் தங்கச்சிய நீ கண்ணே ராஜான்னு கொஞ்சமாட்டியேன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"தெரிஞ்சா கேக்கறதுதானே?"

"எழுந்து வரணுமே" என்றார்.

பின்களைத் திரும்ப அடித்து மூடினேன். அரை மணி நேரம் ஆனது. அதே இரண்டு விரலுக்கு ஒன்றுதான். டாக்டர் ஒவ்வொன்றையும் கூடவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வேறு யாரும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டார்.

திரும்பி வரும்போது வேனில் கூண்டு மகள் மடியில் இருந்தது. பிஸ்தா ஒரு மூலையில் சுருண்டு தூங்கியது. நான் தெருவைப் பார்த்தபடி மிச்சப் பாதியைச் சொன்னேன்.

"வெள்ளரிக்காய் நான்தான் வெச்சேன். தினமும் வெப்பேன். கதவ மூடாம போனதும் நான்தான். காலைலயே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

இரண்டு தெரு தாண்டிய பிறகு, "நான் கூப்பிட்டா வரல. நீ கூப்பிட்டாதான் வந்துச்சு" என்றாள்.

"உன் குரலுக்கும் வரும்டி."

"வராது. நான் எழுந்திருக்கும்போது அது தூங்கிடும்." கூண்டின் மேல் முகவாயை வைத்துக்கொண்டாள். "நாளைக்கு என்னையும் எழுப்பு."

"அஞ்சரை மணிக்கா? பள்ளிக்கூடத்துக்கு ஏழு மணிக்கு எழுப்பவே ரெண்டு ஆள் வேணும்."

"எழுப்புன்னா எழுப்பு" என்றாள். என் பெண் என்பது அந்த அதட்டலில் தெரிந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். அவளை எழுப்பப் போனால் படுக்கையில் போர்வைதான் இருந்தது. சமையலறையில் வெள்ளரிக்காய் நறுக்கி எடுத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் போனேன். விளக்குப் போடாமல், தலை கலைந்து, பாதிக் கண் மூடியபடி கூண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அது எழுந்து நின்று கம்பியை ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் அதனிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இருடா, அவசரப்படாத. நம்ம அம்மா இப்ப வந்துருவாங்க."

நான் வெள்ளரிக்காயோடு கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்றேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.